என் மீனவனுக்கு ஒரு பூசை

நான் கொன்ற ஒரே மனிதனுக்கு எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். நானும் போயிருந்தேன்.

பயப்பட வேண்டாம். அவன் நான் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிய தொடர்கதையில் வந்த மீனவன். கடைசி அத்தியாயத்தில் சோளகக் காற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனான்.

அதோடு பக்கத்து வீட்டு அக்கா என்னுடன் பேச்சை நிறுத்திவிட்டார். தபால் கந்தோரில் வேலை செய்கிறவர். என் கதையை வாராவாரம் முதல் ஆளாகப் படித்துவிட்டு மதிலுக்கு மேலால் அபிப்பிராயம் சொல்லுவார். அதே மதிலுக்கு மேலால்தான் கறியும் வரும். இரண்டும் நின்றன. அக்காவின் பேச்சு இல்லாமல் எங்கள் ஊர் பள்ளிமுனையே எனக்குச் சரிவரவில்லை. கவலையாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவள் நான். கதாபாத்திரங்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று கட்டுரையே எழுதிப் பாராட்டு வாங்கியவள். என் வாதம் எளிது. உயிருள்ள மனிதனைப் பற்றி எதைக் கேட்டாலும் எங்கோ ஒரு பதில் இருக்கும். கதையில் வருபவனுக்கோ எழுதியது மட்டும்தான் உண்டு. அவனுடைய இரத்தம் எந்த வகை என்று நான் எழுதாவிட்டால், அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. பாதிக்குமேல் ஓட்டையாக உள்ள ஒன்றை எப்படி மனிதன் என்பது? இல்லாத ஒருவனுக்காக இருக்கிற என்னோடு கோபித்தால் நான் என்ன செய்ய?

பூசை தொடங்குமுன், அன்று யார் யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டுகிறோம் என்று பங்குச் சுவாமியார் வாசிப்பது வழக்கம். அந்த ஞாயிறு பெயர்களுக்கு நடுவில் என் மீனவனின் பெயரும் வந்தது. சுவாமி புதிதாக மாறி வந்தவர். கொடுத்த பெயரை வாசித்துவிட்டார். முன்வரிசை வாங்கில் அக்கா தலையை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். யார் வேலை என்று எனக்கு விளங்கிவிட்டது.

எனக்குப் பின்னால் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள்.

"ஆர் அது? எந்த வீட்டுச் சாவு?"

"ஓலைத்தொடுவாய் ஆளெல்லோ. நல்ல பொடியன்."

"ஓம் ஓம், கண்டிருக்கிறன்."

அவனுடைய ஊர் எதுவென்று நான் கதையில் எங்குமே எழுதவில்லை. பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன்.

பூசை முடிந்ததும் வாசலில் அக்காவை மறித்தேன்.

"அக்கா, அவனுக்கு ஆன்மாவே இல்லை. இந்தப் பூசை ஆருக்குப் போய்ச் சேரும்?"

"அதைக் கடவுள் பாப்பார். மிஞ்சினா வேற ஆருக்கும் குடுப்பார்."

கோபத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. அந்தத் துணிவில் கேட்டேன்.

"கதையில ஒரு ஆள் செத்ததுக்கா என்னோட கோவம்?"

"செத்ததுக்கு ஆர் கோவிச்சது? கடலுக்குப் போறவன் சாகிறது இஞ்ச புதுசே? அவன்ர பெஞ்சாதியைக் கரையில அழவிட்டிட்டு நீ 'முற்றும்' எண்டு போட்டிட்டாய். அவளை ஆரும் வீட்ட கூட்டிக்கொண்டு போனவையோ? ஏதும் சாப்பிட்டவளோ? வேலை முடிஞ்சு வரேக்க எல்லாம் எனக்கு அதுதான் யோசனை. சொல்லு பிள்ளை, அவள் இப்ப எங்க?"

எழுதாததற்குப் பதில் கிடையாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தமக்கை வீட்ட," என்றேன். "அண்டைக்கே அவ வந்து கூட்டிக்கொண்டு போயிட்டா. முதல்ல ஒண்டும் சாப்பிடேல்லை. இப்ப கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுறாள்."

அவளுக்கு ஒரு தமக்கை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அக்காவின் கண் கலங்கியது. "தமக்கை நல்ல மனுசியோ?"

"ஓம் அக்கா. நல்ல மனுசி."

"அப்ப சரி," என்றார். எனக்கும் பெரிய நிம்மதியாக இருந்தது.