நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

டிப்போவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது அவர் எல்லோருக்கும் தொண்ணூற்றொன்பது. "தொண்ணூத்தொம்போது, ரெண்டு டயர் உருட்டிட்டு வாங்க" என்று மெக்கானிக் குரல் கொடுப்பார். இவரும் உருட்டிக்கொண்டு போவார். அப்போது அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் யாருக்கும் கேட்பதில்லை.

பாதி ஆயுசை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கழித்த மனிதர். குடி என்றால் வாசனைக்கே ஆகாது. விசேஷ வீடுகளில் சோடாவைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். டிப்போவுக்கு மூச்சைச் சோதிக்கிற மெஷின் புதிதாக வந்திருந்தது. தினமும் காலையில் சீட்டுக் குலுக்கி, நாலைந்து டிரைவர்களை வாசலில் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். ஒருநாள் சீட்டு இவருக்கு விழுந்தது. ஊதினார். சிவப்பு எரிந்தது.

"நான் குடிக்கிறதில்ல சார். வேற மெஷின் கொண்டாங்க, ஊதறேன்" என்றார்.

மேனேஜர் சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அவருக்குப் பேச ஆள் கூட்டம் வேண்டும். "யோவ், இந்த மெஷின் நூறு தடவைல தொண்ணூத்தொம்போது தடவை சரியா சொல்லும். அப்படின்னா நீ குடிச்சிருக்க நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது சான்ஸ். மிச்சம் இருக்கிற ஒண்ணை நம்பி ஒரு பஸ் ஜனத்தை உங்கிட்ட ஒப்படைக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெயரும் அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஒரு சிவப்பு விழுந்தால் அதோடு வண்டி கிடையாது என்பது மேனேஜரே போட்டு, வாசல் பலகையில் எழுதி மாட்டிய விதி. சாவியை வாங்கிக்கொண்டு டயர் ரூமுக்கு அனுப்பினார்கள். மகளைக் கொடுத்த வீட்டிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்து, "சம்பந்தி இனிமேலாவது உடம்பைப் பாத்துக்கணும்" என்று இழுத்தாள். அந்த இழுப்பில் அவருக்கு உயிரே போய்விட்டது.

அவருக்கு ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்க வேண்டும். அதைவிட, அதே வாசலில், அதே கூட்டத்தின் நடுவில், அந்த மேனேஜரின் மூக்கு உடைய வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்தது. டயர் மாட்டக் குனிந்தவர் நிமிரும்போது பார்த்தார். பல்கலைக்கழகத்தின் விளம்பரம். 'ஒரு சோதனையின் முடிவை எவ்வளவு நம்பலாம்? பேயஸ் புள்ளியியல், அறிமுக வகுப்பு. யாரும் சேரலாம்.' பேயஸ் யார் என்று இவருக்கு என்ன தெரியும்? முதல் வரி போதும். மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவி மட்டும், "இந்த வயசுல எந்தப் பேயைப் பிடிக்கப் போறீங்க?" என்றாள்.

வகுப்பில் எல்லாரும் இவர் மகளைவிடச் சின்னவர்கள். எழுதும் பலகை வைத்த நாற்காலியில் வயிற்றை எக்கி உட்கார வேண்டியிருந்தது. பிள்ளைகள் "அங்கிள், இந்தப் பக்கம் வாங்க" என்று ஃபேனுக்குக் கீழே இடம் விட்டார்கள். பாடம் எடுத்தவரும் இளம் பெண்தான். ஒவ்வொருவரிடமும் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஒருத்தரைப் பழிவாங்க" என்றார் இவர்.

வகுப்பு சிரித்தது. இவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. டீச்சர் கதையை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

முதல் சில வாரம் ஒன்றும் ஏறவில்லை. பலகையில் பார்த்த எழுத்தெல்லாம் பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது. வேறு ஆளாக இருந்தால் ஓடியிருப்பார். இவரை வன்மம் பிடித்து உட்கார வைத்தது. பார்ப்பதற்கு முன்னால் நீ என்ன நம்பினாய், பார்த்த பிறகு அந்த நம்பிக்கையை எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும், பாடம் மொத்தமும் இவ்வளவுதான் என்று மெல்லப் புரிந்தது. ஒருநாள் டீச்சர் இவருக்காகவே அந்தக் கணக்கைப் போட்டார்.

"ஆயிரம் பேர் ஊதறாங்கன்னு வைங்க. அதுல நிஜமாவே குடிச்சவர் ஒருத்தர். மெஷின் அவரைப் பிடிச்சிடுது. மத்தவங்க யாரும் குடிக்கல. ஆனா நூறு பேருக்கு ஒருத்தர்கிட்ட மெஷின் தப்புப் பண்ணும். அப்ப எத்தனை பேருக்குச் சும்மாவே சிவப்பு எரியும்?"

"பத்துப் பேருக்கு" என்றது வகுப்பு.

"மொத்தம் பதினோரு சிவப்பு. அதுல குடிச்சவர் ஒரே ஒருத்தர். இப்ப சார் குடிச்சிருக்க என்ன வாய்ப்பு?"

பதினொன்றில் ஒன்று. நூற்றுக்கு ஒன்பதுதான் தேறும். குடிகாரர்கள் அபூர்வமான இடத்தில் சிவப்பில் பெரும்பாலும் அப்பாவிகள்தான் மாட்டுவார்கள். மேனேஜர் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்! இவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"நான் வேணா இதை விளக்கி உங்க டிப்போவுக்கு எழுதித் தர்றேன் சார். உங்களுக்கு வண்டி திரும்பக் கிடைக்கும்" என்றார் டீச்சர்.

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"விளக்கினா மெஷினைத் தூக்கிடுவாங்க. அந்த ஆளு 'ஓ, அப்படியா'ன்னுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. எனக்கு நடந்தது அவருக்கு நடக்கவே நடக்காது."

 அன்று பாடத்தை முடிக்கும்போது டீச்சர் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொன்னார். "எதையும் நூத்துக்கு நூறுன்னு மட்டும் நம்பிடாதீங்க. நூறுன்னு போட்டுட்டா, அப்புறம் எந்தச் சாட்சி வந்தாலும் அந்த எண் அசையாது." மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். இவர் வாசலைப் பார்த்தார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இவர் கை தூக்கியதும், மெஷின் ஒழிக என்று சொல்லப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "மெஷின் நல்ல மெஷின். டிரைவர் மட்டும் ஏன் ஊதணும்? தினமும் காலைல முதல் ஊத்து மேனேஜரோடதா இருக்கட்டும். சிவப்பு எரிஞ்சா நமக்கு வண்டி போற மாதிரி அவருக்கு நாற்காலி போகட்டும்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மறுத்தால் ஊர் என்ன பேசும்? மேனேஜர் ஒப்புக்கொண்டார். சும்மாயில்லை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தினம் ஊதுகிறவனுக்கு, சொட்டுக் குடிக்காவிட்டாலும், ஒருநாள் சிவப்பு வரும். எந்த நாள் என்று தெரியாது, அவ்வளவுதான். இவர் ஒவ்வொரு காலையிலும் டயர் ரூம் வாசலில் நின்று பார்த்தார். பச்சை. பச்சை. மறுபடியும் பச்சை.

நடுவில் தாடிக்கார டிரைவர் ஒருத்தருக்குச் சிவப்பு விழுந்தது. அந்த மனிதர் டயர் ரூமுக்கு வந்து, "அண்ணே, சத்தியமா நான் தொடலண்ணே" என்று அழுதார். இவருக்கு நாக்கு நுனி வரை கணக்கு வந்தது. விழுங்கிக்கொண்டு டயர் உருட்டக் கற்றுக்கொடுத்தார்.

அதைக் கேட்டு மனைவி கொதித்துவிட்டாள். "நீங்க வண்டி ஓட்டறது முக்கியமா, அந்த மேனேஜர் அழறது முக்கியமா?"

இவர் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார். பதில் சொல்லியிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பரீட்சை நாள் வந்தது. உங்கள் கதையையே கேள்வியாக வைக்கட்டுமா என்று டீச்சர் முன்பே கேட்டிருந்தார், இவரும் தாராளமாக என்று சொல்லியிருந்தார். அன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி டிப்போவைப் பார்க்க வந்திருந்தார். மேனேஜருக்குக் கேட்க வேண்டுமா? டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் எல்லாரையும் வாசலில் நிறுத்தி, "இங்க முதல் ஊத்து என்னோடது சார்" என்று குழாயை வாயில் வைத்தார்.

சிவப்பு.

யாரும் சிரிக்கவில்லை. பெரிய அதிகாரி விதிப் பலகையை நிதானமாகப் படித்தார். "இது நீங்க போட்ட ரூல்தானே?"

"சார், சத்தியமா நான் குடிக்கிறதே இல்ல சார். மெஷின் தப்பு சார்." மேனேஜரின் கண் கூட்டத்தில் அலைந்து, இவர் மேல் வந்து நின்றது. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இந்தக் கணக்கைத்தான் படிக்கிறீங்கன்னு டிப்போவுல சொன்னாங்களே? சார்கிட்ட எடுத்துச் சொல்லுங்க. எனக்குத் தப்புன்னா உங்களுக்கும் தப்புதானே. நாளைக்கே வண்டி தர்றேன். தாடிக்காரருக்கும் தர்றேன். நான் அன்னைக்குப் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க."

'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது. அந்தப் பக்கம் தாடிக்காரர் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் மேனேஜர் பெரும்பாலும் குடித்திருக்க மாட்டார் என்று கணக்கோடு சொல்லக்கூடிய ஆள் இவர் ஒருவர்தான்.

இவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"மெஷின் நூறு தடவைல தொண்ணூத்தொம்போது தடவை சரியா சொல்லும் சார்" என்றார் பெரிய அதிகாரியிடம். "எங்க மேனேஜர்தான் சொல்லிக்கொடுத்தாரு."

மேனேஜரின் முகம் எப்படிப் போயிற்று என்பதை ஆசை தீரப் பார்த்தார். தாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டதையும் பார்க்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் பரீட்சை. கேள்வித்தாளில் கடைசியாக அவர் கதை இருந்தது. சிவப்பு எரிந்தவர் குடித்திருக்க என்ன வாய்ப்பு? ஆயிரம், ஒன்று, பத்து, பதினொன்று என்று ஒரு அடித்தலும் இல்லாமல் எழுதினார். பக்கத்தைத் திருப்பினால் கீழே இன்னொரு கேள்வி. 'இந்த விடையை, கணக்குத் தெரியாத அந்த மேலாளருக்குப் புரியும்படி இரண்டு வரியில் எடுத்துச் சொல்க.'

பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் பிள்ளைகள் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இதைவிட நன்றாகத் தெரிந்த கேள்வி அந்தத் தாளில் இல்லை. மணி அடிக்கும் நேரத்தில் எழுதினார்:

'சொல்லத் தெரியும். சொல்ல மாட்டேன்.'

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால், அவர் எப்போதும் உட்காருகிற சீட்டு காலியாக இருந்தது. அவர் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.