இறுக்கி மூடிய பிஸ்கட் போத்தல்

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. ஓட்டிசம் என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பேச்சுப் பயிற்சிக்காக மாதம் இரண்டு முறை பன்விலயிலிருந்து பஸ்ஸில் அங்கே போவோம். பயிற்சி கொடுத்த மிஸ் சிங்களவர். தேவையான அளவு தமிழ் பேசுவார். உள்ளே இருப்பது தெரிகிற போத்தலில் பிஸ்கட்டைப் போட்டு, மூடியை இறுக்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொன்னார். அவளால் திறக்க முடியாது. நம்மிடம் கொண்டுவந்து, முகத்தைப் பார்த்து, ஏதாவது சத்தம் கொடுக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு "தொற" என்று சொல்லி உடனே திறந்து கொடுக்க வேண்டும். அந்த "உடனே"யை மூன்று தடவை சொன்னார்.

இதில் என்ன கஷ்டம் என்று மிஸ் நினைத்திருப்பார். எங்கள் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது.

கேட்க வைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டில் கேவலம். பிள்ளை குசினிப் பக்கம் திரும்பினாலே தண்ணீர் வந்துவிடும். மனதுக்குள் பத்து வரை எண்ணும்படி கணவரிடம் சொன்னேன். சட்டென்று திறந்து கொடுத்துவிட்டு, "நான் வேகமா எண்ணிட்டேன்" என்றார். எங்களோடு இருக்கும் அவருடைய அக்கா, என் மதினி, எண்ணவே மாட்டார்.

"பேசாத புள்ளைக்கிட்ட பிஸ்கட்டப் பூட்டிக் குடுத்துட்டு வேடிக்க பாக்குறா. இதுக்கு பஸ் ஏறி வேற போறா!"

"மிஸ்தான் மதினி..."

"அந்த மிஸ்ஸு புள்ள பெத்தவளா?"

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டினால்கூட ஒன்றும் சொல்லாமல், அடுத்த இடத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறவள் நான். நான் துணி துவைக்கப் போனால் மதினி மூடியைத் தளர்த்தி வைத்துவிடுவார். நான் வந்து இறுக்குவேன். இப்படியே இரண்டு மாதம். மகளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. "வீட்ல செய்றதா?" என்று மிஸ் கேட்பார். தலையாட்டிவிட்டு வருவேன்.

ஒரு நாள் பின்னேரம் மகள் போத்தலை உருட்டிக்கொண்டிருந்தாள். மதினி கையை நீட்டினார்.

"தொடாதீங்க மதினி!"

என் சத்தம் எனக்கே புதிது. மதினி கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மகள் எழுந்தாள். நான் முட்டி போட்டு, முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு இருந்தேன். என்னைத் தாண்டிப் போனாள். போத்தலை மதினியின் மடியில் வைத்தாள். அவர் அசையவில்லை. மகள் அவர் நாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, முகத்தைப் பார்த்து "தொ" என்றாள்.

இரண்டு மாதமாகத் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"தொறங்க மதினி! உடனே தொறங்க!"

மதினி திருகினார். மூடி அசையவில்லை. நான் பிடுங்கித் திருகினேன். அசையவில்லை.

"இப்படியா இறுக்குவ, பாவி!"

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "தொ, தொ" என்றாள். கடைசியில் மதினிதான் சேலைத் தலைப்பைச் சுற்றித் திறந்தார். பிஸ்கட்டைக் கொடுத்த கையோடு, "எங்கிட்டதான் கேட்டா!" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார்.

நான் இன்னொரு பிஸ்கட்டைப் போட்டு, மூடியைக் கொஞ்சம் குறைவாக இறுக்கி மகளிடம் கொடுத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். திரும்பி வந்த மதினி அவளைப் பார்த்ததும், கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.