வாக்கா என்றால் பசு

ஸ்பிரிட் விளக்கின் நீலத் தீயில் ஊசியைக் காட்டும்போது எழும் அந்த வாசனை... அறுபதுகளின் கடைசியில் என் சட்டை, சோறு, கனவு எல்லாவற்றிலும் அதுதான்.

பெரியம்மைக்குத் தடுப்பூசி குத்தும் உத்தியோகம் எனக்கு. வயது இருபத்திரண்டு. தர்மபுரி ஜில்லாவிலேயே என்னைவிட அறிவாளி கிடையாது என்பது என் தாழ்மையான கணிப்பு. கடத்தூரில் ஒரு பழைய அகராதி சிக்கி, ‘வேக்சின்’ என்ற சொல்லின் பூர்வீகத்தையே தோண்டி எடுத்திருந்தேனே!

அந்த ஞானத்தைச் சுமந்துகொண்டு வத்தல்மலை ஏறினேன்.

மாதன் என்ற விவசாயிதான் வீடு வீடாகப் போய் ஜனங்களை அழைத்து வந்தார். தம் மூன்று வயது மகளையே முதலில் என் முன் உட்கார வைத்தார்.

குத்தியிருக்கலாம். ஒரு நிமிட வேலை.

நானோ, ரோமாபுரிச் சக்கரவர்த்தியே எழுந்து வழிவிடும்படி தொண்டையைச் செருமினேன். லத்தீனில் வாக்கா என்றால் பசு... பிரெஞ்சுக்காரன் அதை வாஷ் ஆக்கினான், ஸ்பெயின்காரன் பாக்கா ஆக்கினான்... பசுவுக்கு வரும் அம்மையிலிருந்துதான் இந்த மருந்தே பிறந்தது, அதனால்தான் வேக்சின்...

மாதன் மெதுவாகக் கேட்டார். “ஏனுங்க சார், மாட்டுக்கு வந்த சீக்கையா எம்புள்ள கையில ஏத்தறீங்க?”

அது லேசான சீக்கு, பெரியம்மையைக் கிட்டே விடாது என்று பணிவாக ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எனக்கோ சிரிப்பு. பசுவைக் கும்பிடுகிறவர்கள் அதன் சீக்கையும் கும்பிடலாமே என்று கேலி பேசினேன்.

அவர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பின்னாலேயே ஊரும் எழுந்து போனது.

அடுத்த வாரமே போய்க் கெஞ்சியிருக்க வேண்டும். கௌரவம் விடவில்லை.

மாசியில் அந்தக் குழந்தைக்கு அம்மை கண்டது. உயிர் தப்பியது... இடது கண் போய்விட்டது.

போய் நின்றேன். “நீங்க என்னங்க சார் பண்ணுவீங்க, நாங்கதான எந்திரிச்சு வந்துட்டம்” என்று மோர் கொடுத்தார் மாதன். திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

கொரோனா சமயத்தில் நானும் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்ட பெண் ஒரு வரலாறும் பேசவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், குத்தினாள், அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

பக்கத்தில் இருந்தவர் சும்மா பேச்சுக்குக் கேட்டார், “வேக்சின்னா என்னங்க அர்த்தம்?”

“தெரியலீங்க” என்றேன்.