சர்க்கரைக்குத் தெரிந்த சுவர்

மெத்தை தைப்பவளுக்குக் கோபம் வந்தால் மெத்தை அருமையாக அமையும் என்று தெருவே சொல்லும். பஞ்சை அடிக்கிற அடி அப்படி. அந்த மழைக்காலத்தில் அவள் அடித்த அடியில் பஞ்சு பறந்து, தெருவிலிருந்த கறுப்புப் பூனைகளெல்லாம் வெள்ளைப் பூனைகளாகிவிட்டன. ஒவ்வோர் அடிக்கும் அவள் கண்ணில் தெரிந்தது ஒரே முதுகுதான். சர்க்கரையின் முதுகு.

சர்க்கரை வீட்டுத் தரகன். பேச்சு இனிக்கும் என்பதால் அந்தப் பெயர். தன் வீட்டுப் பின்னறையை அவளுக்கு விற்றபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணே, பஞ்சு அடுக்கப்போற இடம். சுவர்ல ஈரம் உண்டா?"

"ஈரமா? நாக்கை வெச்சுப் பாரு தங்கச்சி, நாக்கு காஞ்சிடும்!"

நம்பி வாங்கினாள். சுவரை மறைத்து நின்ற பெரிய பீரோவையும், "உனக்கே இருக்கட்டும்" என்று தாராளமாக விட்டுப் போனான். முதல் மழையிலேயே பீரோவுக்குப் பின்னாலிருந்து பூஞ்சை கிளம்பியது. பஞ்சு கறுத்தது. தைத்துக் கொடுத்த மெத்தைகள் நாற்றத்தோடு திரும்பி வந்தன. கைராசிக்காரி என்ற பெயர் போய், நாத்த மெத்தைக்காரி ஆனாள்.

கேட்கப் போனால், "எனக்கெப்படித் தெரியும் தங்கச்சி?" என்று பல்லைக் காட்டினான்.

நஷ்டஈடு வந்தால் வரட்டும். ஆனால் அவன் பொய்யன் என்று நீதிபதி வாயால், நாலு பேர் காதுபட வரவேண்டும். அதற்குக் குறைந்து எதற்கும் அவள் இறங்கிவரத் தயாராயில்லை.

வக்கீலம்மா உதட்டைப் பிதுக்கினாள். "அவர் சொன்னது பொய், நீங்க அதை நம்பினீங்க, நஷ்டப்பட்டீங்க. எல்லாம் சரி. ஆனா பொய்னு தெரிஞ்சே சொன்னாருன்னு காட்டணும். அது இல்லாட்டி மோசடி வழக்கு நிக்காது."

வீட்டுக்கு வந்தவள் 'அறை விற்பனைக்கு' என்று வாசலில் பலகை மாட்டினாள். முதல் ஆளாக வந்தது சர்க்கரையின் மாமியார். கம்பளி வியாபாரம், சரக்கு வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தும்மினால் மருமகனுக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

"சுவரெல்லாம் எப்படிம்மா?"

"என்னைக் கேக்காதீங்கம்மா. உங்க மாப்பிள்ளை எனக்கு வித்த இடம். நாளைக்கு அவரையே கூட்டிட்டு வந்து கேளுங்க."

மறுநாள், மெத்தையைத் திருப்பித் தந்தவர்களையும் வரச்சொல்லி, அடுக்கி வைத்த மெத்தைகளுக்குப் பின்னால் உட்காரவைத்தாள். மாமியார் வந்து நின்ற பின்னாலேயே சர்க்கரை மூச்சு வாங்க ஓடிவந்தான். மாமியாரைத் தவிர யாரும் அவன் கண்ணில் படவில்லை.

"அத்தை, வேண்டாம்! எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தச் சுவர் ஊறுது. நான்தானே பீரோவைப் போட்டு மறைச்சேன்!"

"யாருக்குத் தெரியாம மறைச்சீங்க?" என்றாள் மாமியார்.

மெத்தைகளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு தலையாக எழும்பியது. மெத்தைக்காரி நீள ஊசியில் நிதானமாக நூல் கோத்தாள்.

"சொல்லுங்கண்ணே, அத்தை கேக்கறாங்கல்ல?"

மாமியாருக்கு முகம் சிவந்தது. "என் கம்பளிக்கு ஒரு நியாயம், அவ பஞ்சுக்கு ஒரு நியாயமா மாப்பிள்ளை?"

கோர்ட்டில் சாட்சிக் கூண்டேறி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னவளும் அந்த மாமியார்தான்.

தீர்ப்பு நாளன்று மெத்தைக்காரி முன்வரிசையில் உட்கார்ந்தாள். சர்க்கரை நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று வாசித்து முடித்து நீதிபதி எழப்போனார். அவள் கைகூப்பி எழுந்தாள்.

"ஐயா, எனக்குக் காது கொஞ்சம் மந்தம். 'தெரிந்தே பொய் சொன்னார்'னு ஒரு வரி வந்துச்சே, அதை மட்டும் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமா?"

அடுத்த தெருவில் ஊசி விழுந்தாலும் கேட்கிற காது அது. நீதிபதி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சத்தமாகவே வாசித்தார்.