ஒரு முடி தள்ளி

கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்தபடி, அடுத்தவர் வண்டியின் சைலன்சர் அருகே குந்தியிருக்கிறார் எடைமேடைக்காரர். வாயைத் திறந்துவைத்தால்தான் காது நன்றாகக் கேட்குமாம். வண்டிக்குச் சொந்தக்காரரான பேக்கரிக்காரர் ஏதோ கேட்கப் போக, "கொஞ்சம் பேசாம இருங்க. அது என்னமோ சொல்லுது" என்று கையமர்த்துகிறார்.

பகலில் அவருக்குச் சரக்கு லாரிகளை எடை போடும் வேலை. லாரி மேடையில் ஏறியதும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடி பொத்தானை அமுக்கி, சீட்டைக் கிழித்து, சின்ன ஓட்டை வழியாக நீட்ட வேண்டும். டிரைவர்கள் இறங்குவதில்லை, கையை மட்டும் நீட்டுவார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கைகள் அவருக்கு அத்துப்படி. முகம் என்று பார்த்தால் நாலோ ஐந்தோதான் தேறும்.

வீட்டிலும் ஆளில்லை. கல்யாண வயதில் தம்பி தங்கைகளைக் கரைசேர்த்துக்கொண்டிருந்தார். கரை சேர்ந்தவர்களுக்குத் தோணியின் நினைவு எப்போதாவதுதான் வரும், அதுவும் போனில். தங்கை முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வாள், இவர் உம் கொட்டுவார், அதற்குள் "சரிண்ணா, வைக்கட்டுமா?" வந்துவிடும்.

ஆகவே சாயங்காலமானால் வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இப்போது வரும் இருசக்கர வண்டிகளுக்கு மெதுவாகப் போனால் திக்கும் வியாதி உண்டு. பெட்ரோலைக் கஞ்சத்தனமாகக் குடிக்கப் பழக்கித்தான் அனுப்புகிறார்கள். இவருடைய வைத்தியம் எளிது. உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு என்று வண்டியின் மூளைக்குச் சொல்ல ஒரு சென்சர் இருக்கிறது. அதன் ஒயரை நறுக்கி, நடுவில் ரேடியோ வால்யூம் போன்ற ஒரு திருகைப் பற்றவைத்து, சீட்டுக்கு அடியில் மறைத்துவைப்பார். திருகைக் கொஞ்சம் திருப்பினால் காற்று குளிர்ந்துவிட்டதாக மூளை நம்பும், கூடக் கொஞ்சம் பெட்ரோல் விடும், திக்கல் போய்விடும். "வண்டிகிட்ட சின்னதா ஒரு பொய் சொல்றோம். அது பாவம், நம்பிடுது" என்பார்.

கூலி வாங்குவதில்லை, தேநீர் வேறு கொடுப்பார். இவ்வளவு நல்லவர் கைபட்ட வண்டி ஏன் சரியாகவே ஆகமாட்டேன் என்கிறது என்பதுதான் தெருவுக்கு விளங்கவில்லை. சரியான இடம் அவருக்குத் தெரியும், அந்தக் காது தப்பாது. கைதான் அந்த இடத்தில் நிற்காது. ஒரு முடி தள்ளி வைத்துவிடும். கொஞ்ச நாளில் பேக்கரிக்காரர் "பெட்ரோலக் குடிக்குதுங்க" என்று வந்து நிற்பார். ஒரு முடி இந்தப் பக்கம் திருப்புவார். அடுத்த வாரம் "மறுபடி திக்குதுங்க". வந்தவர் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? உட்கார்ந்தால் மாவு விலை, மகன் படிப்பு, மாமனார் வீட்டு வம்பு என்று பேச்சு எங்கெங்கோ போகும். இவர் ஸ்பேனரைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். திருட்டுப் பூனைதான். ஆனால் பாலுக்கு அலையும் பூனை இல்லை, பேச்சுக்கு அலையும் பூனை.

அதிகம் வந்தவள் அடுத்த தெருத் தையற்காரி. ஊரைவிட்டுப் போன அண்ணனின் வண்டியை ஓட்டுகிறாள். இவரையும் "அண்ணே" என்பாள். முக்காலியை அவளே இழுத்துப் போட்டுக்கொள்வாள். இவர் சட்டையில் பொத்தான் தொங்கினால் "அசையாம நில்லுங்கண்ணே" என்று நின்ற இடத்திலேயே தைத்துவிட்டு நூலைப் பல்லால் கடிப்பாள். அவள் வண்டிக்கு மட்டும் அந்த ஒரு முடி இரண்டு முடியானது. சீக்கிரம் வர வேண்டுமே.

போன வாரம் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றிவர இந்த வண்டியை விட்டால் கதியில்லை. தெருமுனையில் மெதுவாகத் திரும்பும்போது வண்டி திக்கியது. அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. மகளின் தோளைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயின. வாசலுக்கு வருவதற்குள் வண்டி திரும்பத் திரும்பத் திக்கியது. ஒவ்வொரு தடவையும் இவர் அந்த விரல்களையே பார்த்தார்.

"தூக்கிப் போடும்போதெல்லாம் உசுரு போகுதுங்கிறாங்க. ஏதாவது பண்ணுங்கண்ணே" என்றாள் தையற்காரி. அத்தோடு விட்டிருக்கலாம். அவர் மேல் ஒரு குறையும் இல்லை, வண்டிதான் சனியன் என்று சமாதானமும் சொன்னாள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று தேநீர் போடவில்லை. அம்மாவை உள்ளிருந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, திருகைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். மீட்டரை வைத்து அதன் மின்தடையைப் பார்த்தார். பிறகு திருகையே வெட்டியெடுத்துவிட்டு, அதே அளவுள்ள ரெசிஸ்டர் ஒன்றை ஒயரில் பற்றவைத்தார். அரிசிமணி மாதிரி இருந்தது. அதில் திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது. டேப்பைச் சுற்றி, தெருவில் தாமே ஓட்டிப் பார்த்தார். நடக்கிறவர்கள் தாண்டிப்போகும் வேகத்திலும் வண்டி திக்கவில்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

"மறுபடி எப்பண்ணே கொண்டுவரணும்?"

"வேண்டாம்மா. இனிமே இது கெடாது."

"அப்பாடா. உங்களுக்கும் ஒரு தொல்லை விட்டுச்சு."

அம்மாவை ஏற்றிவிட்டார். சால்வை நுனி சக்கரத்தில் சிக்காமல் எடுத்துச் செருகினார். பொத்தானைத் தொட்டதுமே வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அப்படியும் அவர் பின்கம்பியைப் பிடித்து, அவளுக்குக்கூடத் தெரியாத மாதிரி, மெல்ல ஒரு தள்ளு தள்ளிவிட்டார்.