சக்களத்தியின் கால்

மாலையில் ஆடுகளைப் பட்டிக்குள் அடைத்ததும் துர்ஃபா கூடாரத்தின் மேற்கு ஓரத்தில் வந்து உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் நீட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். மிஸ்னா பல வருஷங்களாகப் பார்த்துவந்த பழக்கம் அது. மிஸ்னா காலுறையை உருவும்போதும் துர்ஃபா திரும்ப மாட்டாள். குதிகாலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும்போதும் திரும்ப மாட்டாள். யார் வீட்டுக் குழந்தையையோ யாரோ குளிப்பாட்டுகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருப்பாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கிவிட்டால் அவளுக்கு எதுவும் தெரியாது. முள் தைத்தால் தெரியாது. சுட்டால் தெரியாது. செருப்புக்குள் தேள் கிடந்தாலும் தெரியாது. சர்க்கரை வியாதி அந்த இரண்டு பாதங்களையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது. நடக்க மட்டும் விட்டுவைத்திருந்தது.

மிஸ்னா குதிகாலில் ஆரம்பிப்பாள். புழுதி படிந்த வெடிப்புகளை ஈரத்துணியால் துடைப்பாள். ஒரு குவளைத் தண்ணீர்தான், அதற்கு மேல் கிடையாது. பிறகு விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்து உலர்ந்த துணியால் ஒற்றுவாள். உள்ளங்காலிலும் குதிகாலிலும் நெய் தேய்ப்பாள். இடுக்கில் நெய் படக் கூடாது, புழுத்துப் போகும். கடைசியாகப் புறங்கையைப் பாதத்தின் மேல் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். பதினோரு வருஷத்தில் நோன்பு, பெருநாள், மணற்காற்று எதற்காகவும் இது நின்றதில்லை.

மிஸ்னா பத்தொன்பது வயதில் இந்தக் கூடாரத்துக்கு வந்தவள். ஹாயிலுக்கு இரண்டாவது மனைவி. முதல் மனைவி துர்ஃபா, அப்போது முப்பத்து மூன்று வயது, கூடாரத்தின் நடுவே ஆட்டு ரோமத் திரை ஒன்றைத் தன் கையாலேயே தைத்துத் தொங்கவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு வருஷம் மிஸ்னாவிடம் நேராக ஒரு சொல் வரவில்லை. ரொட்டி சுடும் தட்டு வேண்டுமென்றால் துர்ஃபா ஆட்டிடம் சொல்வாள்: "அந்தப் பொம்பளைகிட்ட சொல்லு, தட்டை அனுப்பச் சொல்லி." மிஸ்னாவும் ஆட்டிடமே பதில் சொல்லித் தட்டைக் கொடுப்பாள். அவள் இயல்பிலேயே அதிகம் பேசாதவள். அதனால் அவளுக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை.

மிஸ்னாவுக்குக் குழந்தை தங்கவில்லை. துர்ஃபாவுக்கு ஒரே மகன், சுவேலிம். அவன் பட்டாளத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்து, நெடுஞ்சாலை ஓரத்து ஊரில் சிமெண்டு வீடு கட்டிக்கொண்டான். ஒரு மழைக்காலத்தில் பிக்கப் வண்டி ஓடையில் கவிழ்ந்து ஹாயில் இறந்துபோனான். திரை அதற்குப் பிறகும் தொங்கியது. எடுக்க வேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை. ஒரு குளிர்காலத்தில் ஒட்டகத்துக்குப் போர்வை தேவைப்பட்டபோது துர்ஃபா அதை அவிழ்த்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

வியாதி தெரிந்தது தேநீர் அடுப்பில். சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மிஸ்னா மூக்கைச் சுளித்தாள்.

"யாரு இந்த நேரத்துல இறைச்சி சுடுறாங்க?"

"உனக்கு எப்பவும் சோத்து நெனப்புதான். இங்க நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரு இருக்கா?" என்றாள் துர்ஃபா.

மிஸ்னா குனிந்து பார்த்தாள். துர்ஃபாவின் வலது குதிகால் கங்கின் மேல் இருந்தது. துர்ஃபா தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மாதம் ஒரு முறை வரும் மருத்துவ வண்டியில் ஒரு நர்ஸ் இருந்தாள். நகரத்துப் பெண், பேர் லமீஸ். அவள்தான் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள்.

"ஹஜ்ஜா, இனிமே வெறுங்கால்ல ஒரு அடிகூட வைக்கக் கூடாது. செருப்பு வேணாம், மூடின ஷூ போடுங்க. போடறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டுங்க, உள்ள கையை விட்டுப் பாருங்க. காலுறை வெள்ளையா இருக்கணும்."

"வெள்ளையா? இந்தப் புழுதியிலயா? நான் என்ன கல்யாணப் பொண்ணா?"

"ரத்தம் கசிஞ்சா வெள்ளையிலதான் தெரியும், ஹஜ்ஜா. உங்களுக்கு வலிக்காது. கண்ணுதான் உங்களுக்கு வலி. தினம் உள்ளங்காலைப் பார்க்கணும். சிவப்பு, வீக்கம், சூடு, நாத்தம், எது இருந்தாலும் உடனே வரணும்."

"என் உள்ளங்காலை நான் எப்படிம்மா பார்ப்பேன்? கழுத்து என்ன ஒட்டகக் கழுத்தா?"

நர்ஸ் மிஸ்னாவைப் பார்த்தாள். "இவங்க உங்க தங்கச்சியா?"

துர்ஃபா சிரித்தாள். "சக்களத்தி."

நர்ஸ் பையைத் திறந்தாள். மிஸ்னாவின் கையில் நெய்யையும் துணியையும் பற்றி எழுதிய ஒரு தாளைக் கொடுத்தாள். மிஸ்னாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் மனதில் வைத்திருந்தாள்.

வண்டி கிளம்பிய பிறகு துர்ஃபா சொன்னாள்: "நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகலை. இவ பட்டம் குடுத்துட்டுப் போயிட்டா."

அன்றிலிருந்து இது நடந்தது. கூடாரம் வசந்தத்தில் கருங்கல் மேடுகளுக்கு நகரும், கோடையில் காய்ந்த களிமண் தரைக்கு நகரும். அந்தத் தரையின் புழுதி மாவுபோல இருக்கும். காலுறைக்குள்ளும் புகும். தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு வாரம் நெய் தேய்க்காமல் விட்டால் குதிகால் பாளம் பாளமாக வெடித்துவிடும். தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூ செய்யும்போது துர்ஃபா காலுறையைக் கழற்றாமல் மேலே ஈரக்கையால் தடவிக்கொள்வாள். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. அதனால் சாயங்காலம் மிஸ்னா உருவும்வரை அந்தக் கால்களை ஒருவரும் பார்ப்பதில்லை.

"என்னடி, கண்ணாடி பார்க்கிற மாதிரி அவ்வளவு நேரம் பார்க்கிற?"

"கண்ணாடியில இத்தனை வெடிப்பு இருந்தா எப்பவோ தூக்கிப் போட்டிருப்பேன்."

"தூக்கிப் போடேன். உன் புருஷன் இருந்தா கேட்பான். இப்ப யாரு கேட்கப் போறா?"

"நம்ம புருஷன்" என்பாள் மிஸ்னா. அவ்வளவு பேச்சோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் புதிய ரப்பர் பூட்ஸ் கடித்து துர்ஃபாவின் இடது பாதத்தில் கொப்புளம் வந்தது. ஆற இரண்டு மாதம் ஆயிற்று. சுவேலிம் வந்து கூடாரத்து வாசலில் நின்றபடியே பேசினான்.

"யம்மா, இதான் கடைசி. இன்னொரு புண்ணு வந்துச்சுன்னா ஆட்டையெல்லாம் வித்துட்டு, கூடாரத்தைச் சுருட்டி, உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"உன் வீட்டுல எனக்கு மூச்சு முட்டும்டா. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுக்காரன் பல்லு விளக்குறது தெரியுது."

"முட்டட்டும். கால் இருக்கும்ல."

சின்னம்மா எங்கே போவாள் என்று அவன் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லாமல் விட்டதல்ல. அது அவன் மனதில் வரவே இல்லை. ஆடுகள் அவன் பேரில் இருந்தன, கூடாரமும் அவனுடையது. மிஸ்னாவுக்கு இருந்தது எல்லைப் பக்கம் ஒரு அண்ணன். அவன் கூடாரத்தில் எட்டுப் பிள்ளைகள், முணுமுணுக்கும் மனைவி. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே மிஸ்னா இதையெல்லாம் யோசித்தாள். பயமாக இல்லை. கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் கனம் தெரியுமே, அதுபோல் தெரிந்தது.

இந்த வசந்தத்தில் சுவேலிமின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு, சாயங்காலம், துர்ஃபாவின் இடது காலுறையை உருவியபோது பெருவிரலுக்குக் கீழே ஒரு புள்ளி ரத்தம் இருந்தது. மிஸ்னா ஷூவைக் கவிழ்த்தாள். பருப்பளவு கருங்கல் சில்லு ஒன்று விழுந்தது. காலையில் ஷூவைத் தட்டியதும் அவள்தான், கையை விட்டுப் பார்த்ததும் அவள்தான். நடுவில் எப்படியோ புகுந்திருந்தது. நாள் முழுக்க அதன் மேல் நடந்திருந்தாள் துர்ஃபா.

"என்ன சத்தத்தையே காணோம்?" முகத்தைத் திருப்பாமலே கேட்டாள் துர்ஃபா.

"ஒரு புண்ணு."

"எவ்வளவு பெருசு?"

"பருப்பளவு."

துர்ஃபா ஆடுகளைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாளைக்கு மருதாணி கரைக்கிறோம்ல. அதுக்கு மேலயும் சேர்த்துப் பூசிடு."

"புண்ணு மேல யாராவது மருதாணி வைப்பாங்களா?"

"போன வருஷம் அந்த வெள்ளைக் குட்டிக்குக் குளம்புப் புண்ணு வந்தப்ப என்னத்தை வச்ச? மருதாணிதானே? ஆறலையா?"

"அது ஆடு."

"ஆட்டுக்குக் குடுக்கிற மரியாதைகூட எனக்குக் கிடையாதா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கட்டுப் போட்டா அவன் பார்ப்பான். மருதாணி இல்லாம போனா சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்க கேட்பாங்க, அப்பவும் அவன் பார்ப்பான். பார்த்தான்னா கல்யாணத்தோட கல்யாணமா என்னை அங்கேயே நிறுத்திடுவான். நீ எங்க போவ?"

இருபத்தெட்டு வருஷத்தில் துர்ஃபா அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மிஸ்னா தண்ணீர்க் குவளையை எடுத்தாள். புண்ணைக் கழுவி, சுத்தத் துணி வைத்துக் கட்டினாள். மறுநாள் கட்டை அவிழ்த்துவிட்டு, குதிகாலிலிருந்து விரல் நுனிவரை கெட்டியாக மருதாணி அப்பினாள். துணி சுற்றி ராத்திரி முழுக்க விட்டாள்.

காலையில் கழுவியபோது உள்ளங்கால் கறுத்திருந்தது. துர்ஃபாவின் தடித்த தோலில் மருதாணி எப்போதும் அப்படித்தான் பிடிக்கும். புண் இருந்த இடம் எதுவென்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிவப்பா, இல்லையா என்று சொல்ல வழியில்லை. பதினோரு வருஷமாகப் படித்துவந்த காலில் இப்போது படிக்க எதுவும் இல்லை. புறங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. வெயில் பட்ட தரையில் கால் நீட்டியிருந்தாள், அந்தச் சூடாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்க முடிவு செய்தாள் என்றும் சொல்லலாம்.

அன்று மத்தியானம் சுவேலிம் தண்ணீர் டேங்கரோடு வந்தான். குழாயைத் தொட்டியில் விட்டுவிட்டு நேராக மிஸ்னாவிடம் வந்தான்.

"சின்னம்மா, கால் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"ஒண்ணும் இல்லையே?"

"இல்லை."

"நீங்க சொன்னா போதும்" என்று போய்விட்டான்.

கல்யாணம் மூன்று நாள் நடந்தது. பேத்தி வாங்கித் தந்த புது ஷூவில் துர்ஃபா நின்றாள், நடந்தாள், எல்லாருக்கும் கை கொடுத்தாள். ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தபோது சம்பந்தி வீட்டுப் பெண்கள் அவள் பாதத்து மருதாணியைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு யாருன்னே தெரியலையே" என்று கேலி செய்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. மூன்று சாயங்காலமும் கூட்டத்துக்கு நடுவில் மிஸ்னா அவள் காலை மடியில் வைத்துப் பார்க்க முடியவில்லை. கேட்டால், "எல்லாரும் பார்க்கிறாங்கடி, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பாள்.

கூடாரத்துக்குத் திரும்பிய அன்று துர்ஃபாவுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. மிஸ்னா காலுறையை உருவினாள். நனைந்த தோலை வெயிலில் போட்டு மறந்த வாடை வந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. உள்ளங்கால் மட்டும் அதே கறுப்பு, மாறாமல்.

மிஸ்னா போனை எடுத்து சுவேலிமைக் கூப்பிட்டாள். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரப் பயணம். டாக்டர் பஞ்சில் மருந்தை நனைத்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சு பழுப்பாயிற்று, தோல் மாறவில்லை. "இதுக்கு அடியில என்ன இருக்குன்னு வெட்டித்தான் பார்க்கணும்" என்றார். முதலில் பெருவிரலை எடுத்தார்கள். ஆறாவது நாள் காலையே முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வெளியே மிஸ்னா நின்றிருந்தாள். நடைபாதை பளபளவென்று இருந்தது. அவள் நடந்த வழியெல்லாம் புழுதித் தடம் பதிந்தது. ஒரு பெண் துடைப்பத்தோடு பின்னாலேயே வந்து துடைத்துக்கொண்டு போனாள்.

சுவேலிம் மிஸ்னாவை அறைக்குள் கூப்பிட்டு, தாயின் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டான். கத்தவில்லை.

"புண்ணு மேல மருதாணி வச்சது யாரு?"

துர்ஃபா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள் மிஸ்னா.

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே, சின்னம்மா."

"ஆமா."

அவன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தான்.  சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த துர்ஃபாவிடமிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. துர்ஃபா வாயைத் திறப்பாள் என்று மிஸ்னா எதிர்பார்த்தாளா என்று பிற்பாடு அண்ணன் மனைவி கேட்டாள். தெரியவில்லை என்றாள் மிஸ்னா. அது பொய் இல்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தேநீர் விற்பவனிடம் ஒரு தேநீர் வாங்கிக் குடித்தாள், சர்க்கரை அதிகம் என்று நினைத்தாள்.

கோடைக்கு முன்பே ஆடுகளை விற்றார்கள். சுவேலிம்தான் மிஸ்னாவை எல்லைப் பக்கம் கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இறங்கும்போது, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க, சின்னம்மா" என்றான். நல்ல பையன்தான்.

இப்போது கூடாரம் சுவேலிம் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சுருட்டிக் கிடக்கிறது. துர்ஃபா சமையலறைக்குப் பக்கத்து அறையில் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். வலது காலை மருமகள் பார்த்துக்கொள்கிறாள், அது நன்றாக இருக்கிறது. மிஸ்னா அண்ணன் கூடாரத்தில் முப்பது ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். பெருநாளைக்குப் போனில் இருவரும் பேசினார்கள். துர்ஃபா மழை உண்டா என்று கேட்டாள், மிஸ்னா இல்லை என்றாள்.