கல்யாண டிவிடியின் பூட்டு

பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழிந்து முடித்ததும் ஒரு நீண்ட மூச்சு விடும். என் பழைய லேப்டாப்பில் டிவிடி சுழன்று நிற்கிற அதே சத்தம். எழுந்து போய்த் தட்டு வெளியே வந்ததா என்று பார்க்கத் தோன்றும். இப்போதைய லேப்டாப்பில் தட்டே கிடையாது.

தங்கை ஜெசியின் கல்யாணத்தை எடுத்த ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோக்காரர், வெளியே யாரும் நகல் போடக்கூடாதென்று டிவிடிக்குப் பூட்டு போட்டுக் கொடுத்தார். பிறகு கடைக்கும் பூட்டு போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். டிவிடியின் பின்பக்கம் சொறி பிடித்தாற்போல உரிய ஆரம்பித்தது. அதற்குள் அம்மாவும் போய்விட்டாள். அவள் நடப்பதும் சிரிப்பதும் அந்த ஒரு வட்டில்தான். மஸ்கட் கிளம்புவதற்கு முந்தின நாள் ஜெசி, நகல் வேண்டும் என்றாள்.

மென்பொருள் தேடி உட்கார்ந்தேன். தினம் ரயிலேறிப் பெங்களூர் போய் வருகிறவன் என்பதால் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுக்கவில்லை. முதல் மென்பொருள் இலவசம். பூட்டைப் பார்த்ததும் மரியாதையாக விலகிக்கொண்டது. இரண்டாவது, காசு கட்டும்வரை பாதிப் படம்தான் எடுக்கும். அம்மா வருவதோ கடைசிப் பந்தியில். மூன்றாவது பூட்டை உடைக்கும்.

அங்கேதான் நைனா குறுக்கே வந்தார். நைனா என்றால் எங்கள் அப்பா; தங்கச் சுரங்க வாசலில் காவலராக இருந்தவர். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைத் தடவிப் பார்த்து, தங்க மண் ஒளிந்திருக்கிறதா என்று காலி டிபன் பாக்ஸைக் கவிழ்த்துத் தட்டி, அப்புறம்தான் வெளியே விடுவார். சொந்த மச்சானையும் அப்படித்தான். அந்த மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கைத் தொட்டதில்லை.

"பூட்ட ஒடைக்கிறதுக்குப் பேரு இன்னாடா?"

"நம்ம வூட்டுக் கல்யாணந்தான நைனா?"

"மண்ணும் நம்மளுதுன்னுதான் அல்லாரும் சொன்னானுங்க."

"மைன்ஸே மூடியாச்சு, இவுருக்கு இன்னும் ஷிப்ட் முடியல," என்றாள் ஜெசி. நைனா லேப்டாப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

காலையில், பால் வாங்கப் போகிறேன் என்றார். பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினார். படம் முழுதாக இறங்கி, புது வட்டில் ஏறி, ஜெசியின் பையில் துணிகளுக்கு அடியில் போய்ச் சேரும்வரை அவர் வரவில்லை. வந்தபோது கையில் பாலும் இல்லை.

எங்கள் டிவிடி அடுத்த மழைக்காலத்தோடு செத்தது. பின்னாலேயே லேப்டாப்பும். அந்த மென்பொருளின் தளம் இப்போது திறப்பதில்லை. நைனாவும் இல்லை. அம்மா மஸ்கட்டில் மட்டும் நடக்கிறாள்.

ஜெசி கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் பையோடு நைனா எதிரில் நின்றாள். பையைத் தடவிப் பார்க்க அவர் கை தன்னால் எழுந்தது. பாதியில் நின்று, அவள் தலையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"நான் ஒண்ணும் பாக்கல. ஏறும்மா, பஸ்ஸு பூடும்."